அக்கா, உன் சுவரில் ஓர் ஓட்டை போட்டோம்

என் பிரியமுள்ள பெரியவளே,

தை மாதம் பால் காய்ச்சினோம். மாசியில் நீ போய்விட்டாய். நீ வரைந்து கட்டிய வீட்டின் முதல் கோடையை நீ பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிணத்துக்கடவு வெயில் உனக்குத் தெரியும். மனையில் தோண்டிய மண்ணை அழுத்திச் செய்த கல், வாடல் நோய் வந்து வெட்டிய தென்னையில் கூரைச் சட்டம், சிமெண்ட் பேருக்குத்தான். நடுப்பகலில்கூடக் கூடம் குளுகுளுவென்றே இருந்தது. ஒவ்வோர் அறையிலும் நான் பொருத்திய வெப்பமானிகளும் அதையே சொல்லின.

உன் மகள் யாழினியின் மாடி அறை மட்டும் வேறு மாதிரி. மாலை வெயிலை வாங்கிய மேற்குச் சுவர், இருட்டிய பிறகு அந்தச் சூட்டை உள்ளே விட்டது. சூடான காற்று வெளியேற மேலே வழியில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து ஆற்றிவிடும் என்று நினைத்தாயா? அது வர ஆனி ஆகிறதே அக்கா. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

கிழக்குச் சுவரின் உச்சியில் ஒரு திறப்பு வைக்கலாம் என்று மாமாவிடம் சொன்னேன்.

"அவ போட்ட பிளானு அம்மணி. ஒரு கல்லக்கூட அசைக்க வேண்டாம். ஏசி வேணா மாட்டிக்கலாம்" என்றார்.

"ஏசி போடறதுக்கா மாமா இந்த ஊட்ட இப்படிக் கட்டுனா அக்கா?"

அவர் மறுநாள் ஏசிக்காரர் அளவெடுக்க வருவதாக மட்டும் சொன்னார். எனக்குக் கோபம். ஆனால் உன் கை பட்ட எதையும் இழக்கப் பயப்படும் மனிதரிடம் வரைபடத்தை நீட்டி என்ன வாதாடுவது?

யாழினிதான் பேசினாள். "அம்மா இருந்திருந்தா அந்தாள வாசல்லயே திருப்பி அனுப்பீருப்பாங்கப்பா. அப்புறம் அவங்களே சுத்தியல எடுத்திருப்பாங்க."

மாமா சிரித்துவிட்டார். நீ போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்தவர் அப்படியே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கிழக்குச் சுவர் உச்சியில் முதல் கல்லை அவரேதான் பெயர்த்தார். மேற்குச் சுவருக்கு வெளியே தென்னஞ்சட்டம் அடித்து, கீற்றுத் தட்டி கட்டினோம். பிறகு, திறப்பு வைப்பதற்கு முன் அதேபோல வெயில் அடித்த ஒரு நாளின் அளவை எடுத்து ஒப்பிட்டேன். அறையின் சூடு இறங்கியிருக்கிறது. நீ எதிர்பார்த்த அளவுக்கு இன்னும் இல்லை. ஆனால் யாழினி தன் அறையில்தான் தூங்குகிறாள்.

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். மாடி அறையைக் காட்டாமல் விட்டுவிடலாமா என்று மாமா கேட்டார். இல்லை அக்கா. அந்த அறைக்குத்தான் முதலில் கூட்டிப்போகிறேன். இது என் அக்கா செய்த தவறு, இப்படித் திருத்தினோம் என்று சொல்கிறேன். இனி வருகிறவர்களிடமும் அப்படியே சொல்வேன். குறையை மறைத்து உன்னைப் புகழ மாட்டேன்.

நீ வரைந்ததை அளந்துகொண்டிருக்கும்
உன் தங்கச்சி