ரீமு மரம் காய்த்த வருஷம்

சுங்கை சிப்புட்
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கலாதேவிக்கு அப்பா எழுதிக்கிறது. இங்க நானும் உன் அம்மாவும் முனியாண்டி சாமி புண்ணியத்துல சாப்பிட்டு நடமாடிக்கிட்டு இருக்கோம், அந்த நியூசிலாந்துத் தெற்குக் கோடியில நீயும் உன் கிளிகளும் சுகமா இருக்கணும். உனக்கு அனுப்புற மெசேஜ் எல்லாம் ஒத்தை டிக்கோட நிக்குது, தீவுல லைன் இல்லன்னு தெரியும், அதனாலதான் உங்க ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதமாவே போடுறேன், தீவுக்குச் சாமான் அனுப்புறப்ப சேர்த்துக் கொடுப்பாங்க. அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திடுச்சு, பசாருக்கு மீன் காய்கறி வாங்க அவளே போய்ட்டு வாரா, அதை நெனச்சு நீ மண்டையை உடைச்சுக்காதே. நம்ம குடியிருப்பு தாமான்ல பின் வரிசை வீடுகளுக்கு மூணு நாளா தண்ணி இல்ல, நமக்கு வருது.

இப்ப கல்யாண விஷயத்துக்கு வாரேன். தை மாசத்துக்கு வெச்ச முகூர்த்தத்தைத் தள்ளிப் போடுங்கப்பா, இந்த வருஷம்தான் ரீமு மரம் காய்ச்சிருக்கு, அது காய்ச்சாத்தான் கிளி முட்டை வெக்கும்னு தீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நீ போன்ல சொன்னப்ப நான் கத்திட்டேன். கிளிக்குப் பிரசவம் பாக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்னு கேட்டேன். நீயும் விடாம, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒத்துக்கலன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்னு சொல்லிட்டே. உன் அம்மா அன்னிக்குச் சோத்துல கைய வெச்சவ அப்படியே எந்திரிச்சுப் போய்ட்டா. விக்னேஸ்வரன் மாதிரி ஒரு பையன் திரும்பக் கிடைப்பானான்னு அவளுக்குப் பயம். எனக்கும்தான். அதனால போன ஞாயித்துக்கிழமை பத்து காஜா ஊர்ல இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினேன். உள்ளதைச் சொல்றேன், நான் போனது உனக்காகப் பேச இல்ல. முகூர்த்தத்துல மாத்தமில்ல, பிள்ளை வந்துடுவா, நான் வரவெப்பேன்னு வாக்குக் கொடுத்துட்டு வரத்தான் போனேன்.

காப்பி வந்துச்சு. சம்பந்தியம்மா வீரம்மா, பொண்ணு எப்படி இருக்கா, அந்தத் தீவுல அப்படி என்னதான் வேலைன்னு சாதாரணமாத்தான் கேட்டாங்க. நான் ரெண்டு வார்த்தையில சொல்லி முடிச்சிருக்கலாம். வாய் சும்மா இருந்தாத்தானே. காக்காப்போன்னு ஒரு கிளிங்க, பறக்கவே பறக்காது, நாலு கிலோ வரைக்கும் எடை வரும்னு ஆரம்பிச்சேன். நீ அனுப்பின வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பாசி புடிச்ச கல்லு கணக்கா பச்சையா உக்காந்திருக்கும், பயம் வந்தா ஓடாம அசையாம நிக்கும், அப்படி நின்னே பூனைக்கும் எலிக்கும் இரையாகித்தான் இனமே அழிஞ்சு போகப் பாத்துச்சு, பூனை எலி இல்லாத தீவாப் பாத்துக் குடியேத்திக் காப்பாத்துறாங்கன்னேன். ஆண் கிளி மேட்டு மேல மண்ணைச் சுரண்டிக் குழி பண்ணி, அதுல உக்காந்து உடம்பை ஊதிக்கிட்டு ராத்திரி பூரா பூம் பூம்னு கூப்புடும், தூரத்துக் கோயில்ல மேளம் அடிச்சா நெஞ்சுல கேக்குமே அப்படி இருக்கும்னேன். அந்தச் சத்தத்தைத் தேடிப் பெண் கிளி காடு மேடெல்லாம் நடந்தே வரும், அப்புறம் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆண் எட்டிக்கூடப் பாக்காது, தாய்தான் ராத்திரியில தனியா போய் ரீமு பழம் பொறுக்கிட்டு வந்து ஊட்டும், மரம் காய்க்காத வருஷம் குஞ்சே இல்ல, உலகத்துலயே மொத்தம் இருநூத்திச் சொச்சம்தான், ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்குன்னேன். காப்பி ஆறிப்போச்சு. அப்புறம்தான் எனக்கே உறைச்சது, என்னடா அர்ச்சுனா, பொண்ணைக் கூட்டிட்டு வாரேன்னு சொல்ல வந்தவன் கிளிக்கு வக்கீலாயிட்டியேன்னு.

சம்பந்தி மூஞ்சி தொங்கிப்போச்சு. மண்டபம் சொல்லியாச்சு, சொந்தக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு முணுமுணுத்தாரு. அந்தம்மா அவரைக் கண்டுக்கவே இல்ல. அவங்க பிரசவ வார்டுல மிஸ்ஸியா, நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க இல்லையா, கேள்வி மேல கேள்வி. எத்தனை முட்டை போடும், தாய் இரை தேடப் போனா முட்டைக்குச் சூடு எப்படி, குஞ்சு எடை ஏறலன்னா என்ன பண்ணுவாங்க. நீ கூடாரத்துல படுத்துக்கிட்டு, தாய் வெளிய போற நேரம் பாத்துக் கூட்டுக்குப் போய்க் குஞ்சை நிறுத்துப் பாப்பேன்னு சொன்னியே, அதைச் சொன்னேன். ஆறின காப்பித் தம்ளரை எடுத்துத் தட்டுல வெச்சாங்க. சம்பந்தம் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் அவங்க சொன்னாங்க, வார்டுல வலி வந்தவ படுத்திருக்கிறப்ப டூட்டி மிஸ்ஸியை யாரும் கல்யாணத்துக்குக் கூப்புட மாட்டாங்க, நானே என் தங்கச்சி கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிச்சப்புறம்தான் போய்ச் சேர்ந்தேன், ஆவணியில நாள் பாருங்கண்ணேன்னு. விக்னேஸ்வரன் சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கான், வெளிய வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டான். வீட்டுக்கு வந்து உன் அம்மாகிட்ட ஆண் கிளி கதையையும் சேர்த்துச் சொன்னா, அழுது முடிச்சுட்டு, ஆம்பளை அந்தக் காட்டுலயும் அப்படித்தானான்னு என்னையே மொறைக்கிறா.

கலா, ஒண்ணு சொல்லணும். தையிலதான் கல்யாணம்னு நான் ஏன் ஒத்தக் கால்ல நின்னேன் தெரியுமா. முகூர்த்தத்துக்கும் இல்ல, மண்டபத்துக்கும் இல்ல. கல்யாணம்னு ஒண்ணு வெச்சாத்தான் நீ வீட்டுக்கு வருவே. ரெண்டு வருஷமா உன்னை போன்ல பாக்கிறதோட சரி. நீ வர்ற நாளை நானே என் வாயால பேசித் தள்ளி வெச்சுட்டு வந்துட்டேன். காருல வர்றப்ப சிம்பாங்கு முச்சந்தி தாண்டி ஓரமா நிறுத்தி உக்காந்திருந்துட்டுத்தான் வந்தேன். ஆனா அந்தத் தாய்க்கிளி தனியா இருட்டுல போய்ப் பழம் பொறுக்கிட்டு வர்ற வரைக்கும் அது குஞ்சுக்கு என் மக காவல் இருக்கான்னு நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும்மா. கடைசிக் குஞ்சும் தேறினப்புறம் வா. அதுக்கு முன்னாடி வந்தா நானே திருப்பி அனுப்பிடுவேன்.

நீ நீண்ட ஆயுசோட, நெனச்சது நடந்து நல்லா இருக்கணும். நெத்தியில திருநீறு வெச்சுக்கோ, ஈரக் காலுறையோட படுக்காதே. லைன் கிடைச்சதும் விக்னேஸ்வரன்கிட்ட பேசு. முதல் குஞ்சு பொரிஞ்சா உன் மாமியார் வீரம்மாவுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு கேட்டிருக்காங்க, மறந்துடாதே, எனக்கு அப்புறம் சொன்னாப் போதும்.

ஆவணி வரைக்கும் காத்திருக்கிற உன் அப்பா,
அர்ச்சுனன்