டான்டேயின் தலையில் வைத்த கை

கோடியாக், அலாஸ்கா

அன்புள்ள அம்மாவுக்கு, டாலன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? யூட்டாவில் பனி விழத் தொடங்கிவிட்டதா?

செவ்வாயன்று மீன் ஆலையில் ஒரு சின்ன விபத்து. எனக்கு ஒன்றுமில்லை. கூட வேலை செய்யும் டான்டேயின் கை வெட்டும் எந்திரத்தில் மாட்டிக்கொண்டது. எந்திரத்தை உடனே நிறுத்தியும், அதைக் கழற்றிக் கையை எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. நான்தான் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தேன்.

"நீ மார்மன் சபைக்காரன்தானே? உங்க ஆளுங்க தலையில கை வச்சு ஜெபிப்பாங்களே, என் தலையில வைடா."

"நான் சபையை விட்டு ரெண்டு வருஷமாச்சு. கை வச்சு ஜெபிக்க சபை குடுக்குற அதிகாரம் இப்ப எனக்கு இல்லடா."

"அதிகாரத்தை யாருடா கேட்டா? கண்ணு இருட்டுது, வை!"

வைத்தேன். பழைய வாசகம் எதுவும் வரவில்லை. "தூங்காத, நான் இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு பரவியது, அம்மா. சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தபோது அப்பா என் தலையில் கை வைத்தாரே, அன்று உணர்ந்த அதே வெதுவெதுப்பு. பயந்துபோனேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அவனுக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன, உயிர் பிழைத்துவிட்டான்.

சபையை விட்ட அன்று, அதெல்லாம் வெறும் பொய் என்று உங்களிடம் கத்தினேன். தவறு. நான் உணர்ந்தது பொய்யில்லை. சபை அதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் இன்றும் நம்ப முடியவில்லை. அதனால் திரும்பி வருவேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நீங்கள் பதப்படுத்திய பீச் பழமும் ஒரு பாட்டில். சபைக் கோவிலுக்குப் போனால் அங்குள்ள ஜெபப் பட்டியலில் டான்டேயின் பெயரை எழுதுங்கள். இடமிருந்தால், கீழே என் பெயரையும்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டார்கள்.

உங்கள் டாலன்