பின் தோள்

அப்பா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீங்கள் என் கையைக் கடித்த அன்று நானும் உங்களைத் திருப்பிக் கிள்ளினேன். ஊரில் யாருக்கும் இது தெரியாது. இன்று நான் போர்த்திக்கொண்டு போய் மழையில் நனைந்த உங்கள் கம்பளியை அடுப்பருகே உலர்த்தினேன். அந்த ஆட்டுமயிர் வாடை வந்ததும் கிள்ளியது நினைவுக்கு வந்துவிட்டது. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலெல்லாம் நீங்கள் சாதுதான். சாயங்காலம் பள்ளத்திலிருந்து மூடுபனியாய் மஞ்சு ஏறியதும் வேறு ஆளாகிவிடுவீர்கள். பெற்ற மகளையே யாரென்று தெரியாது. போகணும் போகணும் என்று கதவை உதைப்பீர்கள். நான் குறுக்கே நிற்பேன். அடி விழும். "இந்தத் தெம்புல வெறகு பொளந்தா ஒரு வாரத்துக்கு ஆகுமேப்பா" என்று கேலி பேசிக்கொண்டே அழுவேன். பேத்துப்பாறையிலிருந்து வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, கட்டிலோடு கட்டிப்போடு என்று ஒரு கயிற்றை வைத்துவிட்டுப் போனான்.

நான் அந்தக் கயிற்றைக் கையில் எடுத்த அன்றுதான் நீங்கள் சொன்னீர்கள்: "மஞ்சு மூடுறதுக்குள்ள ஏத்திரணும்லே. தொரசாணி நனைஞ்சிரும்."

பஸ் ரோடு போடாத காலத்தில், மலையடியிலிருந்து வெள்ளைக்காரர்களை டோலியில் சுமந்து ஏற்றியவர் நீங்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி வழியில் டோலியை விட்டுவிட்டு நிற்கிற தவிப்பு அது. நான் அதைக் கோபம் என்று நினைத்திருக்கிறேன்.

கயிற்றைப் போட்டுவிட்டு உலக்கையை எடுத்தேன். முன் முனை உங்கள் தோளில், பின் முனை என் தோளில். உருளைக்கிழங்குப் பாத்தியைச் சுற்றி நடந்தோம்.

"யாருலே பின்னாடி?"

"நாந்தாங்க. புது ஆளு."

"காலை அளந்து வையி. தோள் மாத்தணும்னா சொல்லு."

இரண்டு சுற்றில் இறக்கினோம். யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "பாத்து எறங்குங்கம்மா" என்றீர்கள். பிறகு உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்றீர்கள். அதற்கப்புறமும் அடி விழுந்த நாட்கள் உண்டு. ஆனால் நான் குறுக்கே நிற்கவில்லை.

இப்போதும் மஞ்சு ஏறுகிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உதைக்க ஆளில்லை. ஒரு நாள் உலக்கையை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். முன் முனை தரையில் இடித்தது.

பெரியவர் அடிக்கிறார் என்று யார் வந்து அழுதாலும், முன்னே என்ன சோலி பார்த்தவர் என்றுதான் முதலில் கேட்கிறேன். போன வாரம் மேல்வீட்டு மருமகள் வந்தாள். அவள் மாமனார் வெள்ளையடிக்கிற வேலை பார்த்தவராம். மட்டையையும் சுண்ணாம்பு வாளியையும் கையில் கொடுக்கச் சொன்னேன். மனிதர் அடங்கிவிட்டார். பொழுது சாய்வதற்குள் சுவர் முடிந்தது. அவர்கள் வீட்டு ஆடு கறுப்பு. இப்போது ஒரு பக்கம் வெள்ளை.