எட்டுப் பேரில் ஒருத்தி

ஜனவரி 9, 2024
இன்றைக்கும் விடிகாலையில், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றோம், எட்டுப் பேரும். போன வருசம் வேலைநிறுத்தம் செய்தோம் என்று நாற்பது பேரை வேலையிலிருந்து நிப்பாட்டினார்கள். பிறகு, பழைய ஆட்களையே திரும்ப எடுப்பதாகத் தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்தார். முப்பத்திரண்டு பேரை எடுத்தும் விட்டார். நிப்பாட்டியதைப் பற்றி லேபர் ஒபிசுக்கு முறைப்பாடு எழுதிய எங்கள் எட்டுப் பேரை மட்டும் கூப்பிடவில்லை.

ஒருநாள் போகாவிட்டாலும், வேலை வேண்டாமென்று போய்விட்டார்கள் என எழுதிவிடுவார்களாம். சங்கத் தலைவர் கந்தப்பன் சொன்னார். அதனால் நிற்கிறோம். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் பட்டியலைப் பார்த்துப் பெயர் படிக்கிறான். மற்றவர்கள் தேயிலை மலைக்குப் போகிறார்கள். நாங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்புகிறோம்.

ஜனவரி 10
நின்றோம். மழை.

ஜனவரி 17
திரும்பும்போது முத்துலிங்கம் சிரித்துக்கொண்டே கேட்டான்: "என்னா ஜெயந்தினி, காலு கடுக்கலியா?"

எனக்கும் அவனுக்கும் பழைய பகை. ஒருநாள் ஈரக் கொழுந்து என்று என் எடையில் நாலு கிலோ கழித்தான். "அந்தத் தண்ணிய வீட்டுக்குக் கொண்டுபோயி காச்சிக் குடிய்யா!" என்று தராசடியில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஊரே சிரித்தது. அதிலிருந்து என்னைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

நாசமாப் போறவன். அவன் வேலை போகணும். அவனும் இப்படி நாய் மாதிரி நிக்கணும். நான் பார்க்கணும்.

ராக்காயி அக்கா சொன்னாள்: "பட்டியல துரைதாண்டி குடுத்தாரு. அன்னைக்கு ஒபிஸ் வாசல்ல நீதானே பாத்துட்டு வந்து சொன்ன? இவன் படிக்கிறவன், அவ்வளவுதான்." அவளும் எட்டுப் பேரில் ஒருத்தி, இருபது வருசமாக என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். எனக்கு நல்லதுதான் சொல்வாள். ஆனால் துரை பங்களாவில் இருக்கிறார். தினமும் என் மூஞ்சிக்கு முன்னால் சிரிப்பவன் இவன்தானே?

பெப்ரவரி 6
எங்களைத் திரும்ப எடுக்காததைப் பற்றி ஹட்டன் லேபர் ஒபிசில் விசாரணை. இடைவேளையில் தோட்டத்து லோயர் என்னைத் தனியே கூப்பிட்டார். "துரைக்கு உங்க மேல கோவமே இல்லம்மா. கணக்கப்பிள்ளைதான் சொந்தப் பகையில உங்கள விட்டுட்டாருன்னு சொல்லுங்க. அவர உடனே நிப்பாட்டுறோம்."

நிப்பாட்டுறோம் என்றதும் எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. உள்ளே போய்த் தராசடிக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். முத்துலிங்கத்துக்கு மூஞ்சி வெளுத்துப்போனது. அடேயப்பா, என்ன சுகம்!

பட்டியலைத் துரை கொடுத்ததைப் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க."

ராக்காயி அக்கா திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

பெப்ரவரி 9
அவனை நிப்பாட்டியாச்சு! கோழி வாங்கிக் குழம்பு வைத்தேன். அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மார்ச் 1
முடிவு வந்துவிட்டது. கந்தப்பன் கோயிலடியில் வாசித்தார். கணக்கப்பிள்ளையின் சொந்தப் பகையால் விடப்பட்டவள் நான், என் பெயரைத் திரும்பப் பதிய வேண்டும். மற்ற ஏழு பேரைத் தோட்டம் பழிவாங்கியதற்குச் சாட்சி இல்லை. அவர்கள் முறைப்பாடு தள்ளுபடி.

கடிதத்தை மடித்துக்கொண்டே கந்தப்பன் சொன்னார்: "ஒன்னைய வச்சே நம்மாளுங்கள வெட்டிட்டாங்களேம்மா."

நான் என்ன பொய்யா சொன்னேன்? அவனுக்கு என் மேலே பகைதானே? — ஆமா. துரை அந்தக் காகிதத்த அவன் கையில குடுத்தத பாத்தேன்ல? பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஏன்டி சொல்லல? அவன் ஒருத்தன் விழுறத பாக்கணும்னு ஏழு வீட்டு அடுப்புல தண்ணிய ஊத்திட்டியே, பாவி.

துரை இன்னும் பங்களாவில்தான் இருக்கிறார்.

மார்ச் 4
இன்றைக்கு வேலைக்குப் போனேன். போகும் வழியில் தண்ணீர்ப் பீலியடியில் ராக்காயி அக்கா குடத்தோடு நின்றாள். மற்ற ஆறு பேரில் இரண்டு பேரும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

"அக்கா" என்றேன்.

குடத்தை நகர்த்தி வழிவிட்டாள்.

"போயிட்டு வாங்கம்மா. பெரட்டுக்கு நேரமாச்சுங்க."

பங்களாத் துரைசாணியிடம் பேசுவதுபோலச் சொன்னாள். நான் போனேன்.