தண்ணீர் கேன் நிற்கும் இடம்

அன்பு மகளுக்கு,

நலம் என்று எழுதாமல் அப்பாவுக்குக் கடிதம் தொடங்க வராது, எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் நலமா, பேரனுக்கு இருமல் நின்றதா? என் முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்காக ஃபோன் செய்து திட்டாதே. சமையல் நானேதான், உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

தோட்டத்தில் ஆன்டெனாவை மறுபடி நிறுத்தியிருக்கிறேன். அம்மா போன அன்று வந்தவர்கள் நிற்க இடம் வேண்டுமென்று யாரோ கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்களே, அந்தச் செம்புக்குழாய் வளையம்தான். இரண்டு கட்டில் போட்டால் நிரம்பிவிடும் தோட்டத்தில் நீளக் கம்பி ஆன்டெனா கட்ட ஏது இடம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்துவிட்டு, புலி எப்ப சார் வருது, தாண்டுறதுக்கு என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு காலையில் ஹாம் ரேடியோவில் என்னோடு பேசும் நண்பர்கள் ஒருவருக்கும் அம்மா போனது தெரியாது. முகம் பார்த்தறியாதவர்கள், ஆனாலும் பேச்சை முடிக்கும்போதெல்லாம் தோட்டத்து அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்க என்பார்கள். அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.

இந்த வளையத்தில் ஒரு குமிழ் உண்டு, அதை மயிரிழை திருப்பிச் சரியான இடத்தில் வைத்தால்தான் பேச்சு தெளியும். அம்மா வெளியே நின்று திருப்புவாள், ரேடியோவின் இரைச்சல் பொங்கினால் அதுதான் சரியான இடம், உடனே நான் ஜன்னல் வழியே போதும் என்று கத்துவேன். என் கத்தலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், குமிழில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டுவைத்தாள். கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு அங்கேயே நின்று செடியில் பழுத்த இலைகளைக் கிள்ளுவாள். அவள் உள்ளே வந்தால் பேச்சு மங்கும், வானம் சரியில்லை என்று நான் திட்டுவேன். இப்போது அதே கோட்டில் வைத்துவிட்டு அறைக்கு ஓடினால் ஒன்றுமே கேட்கவில்லை. மூச்சு வாங்க ஓடி ஓடிப் பார்த்தேன். தையல்காரர் வேடிக்கை பார்க்கக் குமிழருகே வந்து நின்றார், அறையில் இரைச்சல் பொங்கியது. அவர் நகர்ந்தார், அடங்கிவிட்டது. ஆள் பக்கத்தில் நின்றால் குமிழின் சரியான இடம் மாறிவிடும், அது நான் படித்ததுதான், ஆனால் உறைக்கவில்லை. அம்மா கோடு போட்டது, அவள் அங்கே நிற்பதையும் சேர்த்துத்தான். நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் மகளே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

பழசை அழிச்சிட்டுப் புதுசா ஒரு கோடு போட்டுடுங்க சார் என்றார் தையல்காரர். அவர் சொன்னது சரிதான். அம்மாவின் அலமாரியிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலை எடுத்தும் வந்தேன், மூடியைத் திறக்கக் கை வரவில்லை. அப்புறம் அவள் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஆளுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரம்பிய கேனை வைத்தோம். அவர்தான் தூக்கிக் கொடுத்தார், இந்தத் தடவை கேலி ஏதும் செய்யவில்லை. கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தியதும் சிவப்புக் கோட்டிலேயே பேச்சு தெளிந்துவிட்டது.

ஞாயிறு என் குரல் கேட்டதும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம், எங்கே ஆளையே காணோம் என்றார்கள். கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உண்டு, அவர்தான் கேட்டார், தோட்டத்து அம்மா எப்படி இருக்காங்க என்று. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். வாய் திறந்தபோது ஜன்னல் வழியே கண் போய்விட்டது. தோட்டத்துலதான் நிக்கிறா என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மனது ஆறவில்லை. இந்த ஞாயிறு நீ கூப்பிடுவதை ரேடியோ நேரத்துக்கு முன்னால் வைத்துக்கொள். இன்னைக்குச் சொல்லிடுவீங்களா அப்பா என்று ஒரு வார்த்தை கேள். நீ கேட்டால் சொல்லிவிடுவேன்.

பேரனைக் குளிரில் வெளியே விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பக்கத்தில் ஒருவராக நெடுநாள் இருங்கள். மறக்காமல் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா