அறுபது சுற்றுக்கு ஆறு சிவப்பு நூல்

நேற்றுச் சாயங்காலம் அம்மா என்னை வாசல்படி ஏறவிடவில்லை. "சட்டையக் கழட்டிப்போட்டு ஊட்டுக்குள்ள வா, அரக்கு நாத்தம் கொடலப் புடுங்குது" என்றாள். நாற்றமாம். மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் அது. சட்டையைக் கழற்றி ஒருமுறை முகர்ந்தேன். அந்த வாசனையோடு பட்டறைப் பெஞ்சில், எனக்குப் பக்கத்தில், நீ வந்து உட்கார்ந்துகொண்டாய்.

உனக்கு ஒரு பெரிய சேதி வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மார்கழி முழுவதும் நம் கல்லூரிச் சோதனைச்சாலைப் பட்டறையில் நம் முதல் மோட்டாருக்கு நீ காயில் சுற்றினாய், நான் உன்னைச் சோதித்தேன். அந்த இடத்தின் பெயரை மதித்து நடந்தவன் நான் ஒருவன்தான். ஒரு காயிலுக்கு அறுபது சுற்று, மொத்தம் முப்பத்தாறு காயில். நூல் போர்த்திய செப்புக் கம்பியை நீ மரக்கட்டையில் சுற்றிக்கொண்டே உதட்டுக்குள் எண்ணுவாய். இருபத்தொன்பது, முப்பது என்று நீ போகும்போது நான் பக்கத்து லேத்தில் நின்று "நாப்பத்தேழு" என்று கூவுவேன். எப்போதும் நாற்பத்தேழுதான். உனக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "ஏனுங்க மாப்பிளே, அந்த வாயைச் சித்தெ மூடி வெச்சுக்கறீங்களா?" என்பாய். ஒருநாள் மட்டும் சிரித்துக்கொண்டே, "எண்ணிக்கை என்ற கையில இருக்குதுங்க, காதுல இல்லீங்க" என்றாய். வெறும் வீம்பு என்று நினைத்தேன்.

இன்னொன்றும் நினைவிருக்கிறதா? விடுதியில் நீ விரித்துப் படுக்கும் பவானி ஜமக்காளத்தின் ஓரக் குஞ்சம் வாரத்துக்கு வாரம் குட்டையாகிக்கொண்டே வந்தது. "என்னடா, படுக்கைக்கு முடி வெட்டறயா?" என்று கேட்டேன். "எலிங்க" என்றாய். உன் ஊரில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக்கூட எலியை அடக்கத் தெரியாதா என்று விடுதி முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

பங்குனி விடுமுறைக்குக் காய்ச்சலோடு பஸ் ஏறினாய். பத்து நாளில் தந்தி வந்தது. அதைப் பற்றி எழுதப் பழகவில்லை, விட்டுவிடுகிறேன்.

வைகாசியில் மோட்டாரைப் பூட்டினோம். மின்சாரம் கொடுத்ததும், சாப்பிட்டு முடித்த எருமை மாதிரி ஒரு முனகல். கால் மணிக்குள் கை வைக்க முடியாத சூடு. பட்டறைப் போர்மன் காதை வைத்துக் கேட்டார். "கண்ணு, சுத்துல எங்கியோ கணக்குத் தப்பியிருக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த முனகல் நிக்கலீன்னா காயிலப் பூராவும் உருவிப்போட்டு வேற பசங்கள வெச்சுச் சுத்தறதுதான். சனிக்கிழமை வெள்ளாம பண்ற சம்சாரிங்க எல்லாம் பாக்க வாராங்க" என்றார்.

கணக்கு ஏன் தப்பியது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாற்பத்தேழு. நீ விட்டுப்போனது அந்த முப்பத்தாறு காயில்தான், அதையும் என் வாய் தின்றுவிட்டது.

"வெள்ளி வரைக்கும் நானே பாக்கறனுங்க" என்றேன். போர்மன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவரிடம் அவ்வளவு பணிவாகப் பேசியது அதுவே முதல்முறை.

புதன்கிழமையன்று, முதல் காயிலின் மேல் சுற்றியிருந்த நாடாவை அறுத்தேன். கம்பிகளை எப்படி எண்ணுவது என்று குனிந்தால், கம்பிக்கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு நூல் முனை எட்டிப் பார்த்தது. வார்னிஷில் கறுத்திருந்தாலும் சிவப்பு. பத்தாவது சுற்றில் ஒரு முடிச்சு. இருபதாவதில் ஒன்று. முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது. பத்துக்கு ஒன்றாக ஜமக்காளக் குஞ்சத்தின் நூலைக் கட்டிவைத்திருந்தாய். என் வாய்க்குப் பயந்து கணக்கைக் கம்பியிலேயே எழுதியிருக்கிறாய், எலி மகனே.

பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வார்னிஷ் நெடி என்று வைத்துக்கொள். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லா நாடாவையும் அறுத்துப் பார்த்துவிட்டேன். முப்பத்தாறு காயில், ஒவ்வொன்றிலும் ஆறு. ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை.

அப்படியென்றால் முனகுவது யார்? சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சீட்டுக்கட்டு ஜோக்கரை எடுத்து, சுழலும் உருளைக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே செருகினேன். மேலே நுழைந்தது. கீழே நுழையவில்லை. உருளை ஒருபக்கமாக இறங்கி உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதன் அச்சைத் தாங்கும் புஷ் என்ற வளையம் கோணல். புஷ்ஷை லேத்தில் கடைந்தவன்? கையில் பிடித்திருந்த ஜோக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

போர்மனிடம் போய்ச் சொன்னேன்.

"புஷ் நீ கடஞ்சதுதான?"

"ஆமாங்க."

"அன்னைக்கு என்ன பண்ணிட்டிருந்த?"

"நாப்பத்தேழுன்னு கூவிட்டிருந்தனுங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போய் மறுபடி கடை. வாயை மூடிட்டுக் கடை" என்றார்.

மூடிக்கொண்டு கடைந்தேன். புது நாடாவும் சுற்றிக் கட்டினேன். இப்போது சேதியைக் கேள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரிக் கிணற்றில் பம்போடு பூட்டிய நம் மோட்டார் மாலை நான்கு வரை ஓடியது. முனகல் இல்லை. அரை மணிக்கொருமுறை சூடு அளந்து எழுதினோம், கை தாங்கும் சூட்டைத் தாண்டவில்லை, எருமை பசுவாகிவிட்டது. கிணத்துக்கடவிலிருந்து வந்த ஒரு கவுண்டர், "ஏனுங்க தம்பி, மாடு பூட்டிக் கவலை இறைக்கறத இது நிறுத்திப்போடுங்களா?" என்று கேட்டார். "உங்க ரெண்டு கவலையும் தீந்துதுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாடுகள் மட்டும் வந்திருந்தால் கை தட்டியிருக்கும்.

சோதனை நோட்டில் 'காயில் சுற்றியவர்' என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. 'புஷ் கடைந்தவர்' என்ற இடத்தில் என் பெயர், பக்கத்தில் போர்மனின் கையெழுத்தில் 'இரண்டாம் முறை'.

உன் அப்பா வந்திருந்தார். மோட்டாரை நிறுத்தியபின் மெல்ல அருகில் வந்து, "என்ற பையன் செஞ்சது எதுங்க தம்பி?" என்றார். மோட்டாரின் பக்க மூடியைக் கழற்றினேன். ஒரு காயிலில் மட்டும் சிவப்பு முடிச்சு ஒன்றை நாடாவுக்கு வெளியே தெரியவிட்டிருந்தேன். அவர் அதை இரண்டு விரலால் பிடித்து நெருடிப் பார்த்தார். "எங்கூட்டு முடிச்சுங்க" என்றார். பம்புக் குழாயடிக்குப் போய், தொட்டியில் நின்ற தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்.

இப்போது இரண்டாவது மோட்டார் தொடங்கிவிட்டோம். இந்த முறை காயில் நான் சுற்றுகிறேன். உன் அப்பா கொடுத்த சிவப்பு நூற்கண்டு ஜோக்கரோடு என் பையில் கிடக்கிறது. நேற்று ஏழாவது காயில் சுற்றும்போது பட்டறை அமைதியாக இருந்தது. அவ்வளவு அமைதி எனக்கு ஒத்துவரவில்லை. நானே "நாப்பத்தேழு" என்று கூவிப் பார்த்தேன். எண்ணிக்கை போய்விட்டது. கம்பியைத் தடவினேன். மூன்று முடிச்சு, மூன்றாவது இப்போதுதான் கட்டியது.

முப்பத்தொன்று என்று தொடர்ந்தேன்.