கருது பார்க்காமல் போன மதினிக்கு

மதினி,

இன்று காலை அந்தக் கறுப்புப் பொடிப் பொட்டலத்தைப் பிரித்தேன். புது மழை பட்ட மண்ணின் வாசனையும், அதற்கடியில் லேசாகப் புளித்த வாசனையும் சேர்ந்து மேலே வந்தன. மட்கிய சாணி உரத்தைக் குவித்து, நடுவில் குழி பறித்து, பொடியைக் கொட்டிப் பிசறினேன். நீங்கள் இருந்தபோது ஒருத்தி பிசற, ஒருத்தி தண்ணீர் தெளிப்போம். இப்போது கையை உதறிவிட்டு நானேதான் எழுந்துபோய்ச் செம்பை எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் குவியலின் ஓரம் காய்ந்துவிடுகிறது. தனியாக இருப்பது எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லத் தோன்றும். யாரும் கேட்பதில்லை.

கட்டிக்கொடுத்த வீட்டில் வாழ முடியாமல் ஒரு பையோடு நான் திரும்பி வந்த நாளில், வாசலில் நீங்கள் மட்டும்தான் நின்றீர்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அண்ணன் சவுதியில் இருந்தார். அண்ணன் பெண்டாட்டி என்ன கேட்பாரோ என்று பயந்து, பஸ்ஸில் வரும்போதே பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நீங்கள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "கஞ்சிதான் இருக்கு ராக்கு. நார்த்தங்காய் நல்லா ஊறியிருக்கு, வா" என்றீர்கள். யோசித்து வைத்த பதில் அப்படியே கிடக்கிறது. அதைக் கடைசிவரை நீங்கள் கேட்கவே இல்லை.

உங்களுக்கும் பிள்ளை இல்லை, எனக்கும் இல்லை. அந்த ஓட்டு வீட்டில் நாம் இருவர். தேவகோட்டைச் சாலையை ஒட்டிச் சரளை கலந்த செம்மண் காடு, நாம் வெள்ளாமை பார்க்கும் நிலம். நாட்டரசன்கோட்டையில் பிறந்து, காரைக்குடியில் நுண்ணுயிரியல் படித்தவர் நீங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. கல்லூரியில் நுண்ணோக்கி வழியே பார்த்ததை மட்டும் பாத்திரம் விளக்கும்போதெல்லாம் சொல்வீர்கள். "ஒரு சொட்டுக்குள்ள ஊரே ஓடும் ராக்கு. அவனவனுக்கு அவன் வேலை."

கண்மாயில் தண்ணீர் நிற்காமல் நெல் பொய்த்துப்போக, மக்காச்சோளம் போடலாம் என்று முடிவு செய்தோம். உரக்கடைக்காரர் சொன்ன உரத்தோடு நீங்கள் வேறு இரண்டு பொட்டலங்களும் வாங்கி வந்தீர்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா. அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. "பேரை விடு. ஒண்ணு காத்துல இருக்கிற தழைச்சத்தைப் புடிச்சு வேருக்குக் குடுக்கும். இன்னொண்ணு மண்ணுக்குள்ள பூட்டிக் கெடக்கிற மணிச்சத்தைக் கரைச்சுக் குடுக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்" என்றீர்கள்.

ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் கலந்து விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தியபோது, பக்கத்துக் காட்டுச் சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா, வெதைக்கெல்லாம் கஞ்சி ஊத்துறீக?"

"பசியோட மண்ணுக்குள்ள போனா நல்லா இருக்காதுல்ல மாமா" என்றீர்கள் நீங்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த வருஷம் பயிர் முழங்காலுக்கு மேல் வரவில்லை. இலை ஓரமெல்லாம் ஊதாப் பூத்துப்போனது. மணிச்சத்து கிடைக்காவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று நீங்களே சொன்னீர்கள். மிச்சம் வைத்திருந்த விதையைக் கையில் கொட்டிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். கடைவிதை முழுக்கச் சிவப்புச் சாயம் பூசியிருந்தது; விதைத்தபோது அதை வெறும் நிறம் என்று விட்டிருந்தோம். பூசணம் பிடிக்காமலிருக்கக் கம்பெனியிலேயே ஏற்றுகிற மருந்து அது.

"அட, விஷத்து மேலேயே வெச்சு வெச்சு ஒட்டியிருக்கோம் ராக்கு. பாவம், போன அன்னைக்கே செத்திருக்கும்க."

தலையில் கை வைத்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். சிரிப்பில் வந்த கண்ணீரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த வாரமே அண்ணன் போனில் சொன்னார். சாலையோரக் காடு, பிளாட் போடுகிறவர்கள் கேட்கிறார்கள், எதற்கு வீணாக வெயிலில் நிற்கிறீர்கள் என்றார். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காடு போனால் நான் அந்த வீட்டில் யார் என்ற கேள்வி எனக்கு. அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னும் ஒரு வெள்ளாமை பாத்துக்கிறோம். அதுவும் வெளங்கலைன்னா நீங்க சொல்றபடி செய்யுங்க. ஒரே ஒரு வெள்ளாமை" என்றீர்கள். அண்ணன் "சரி சரி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த புரட்டாசிக்கு விதையில் எதையும் ஒட்டவில்லை. பொடியைச் சாணி உரத்தில் கலந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்து, வெயில் தாழ்ந்ததும் விதை போட்ட உழவுச் சாலில் தூவி மண்ணைத் தள்ளினோம். காரைக்குடியிலிருந்து பொட்டலங்களைக் கொண்டு வரும்போது, டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடியில் பையை வைக்கச் சொன்ன கண்டக்டரிடம், "அங்குட்டு வேணாம் தம்பி, சூடு தாங்காதுக" என்று மடியிலேயே வைத்துக்கொண்டீர்கள். பிள்ளையை வைத்திருப்பது போல இருந்தது. அதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

பாதிக் காட்டில் மட்டும்தான் தூவினோம். மீதிப் பாதிக்கும் சேர்த்துத் தூவிவிடலாம் என்று நான் கெஞ்சினேன். தோற்றால் காடே போய்விடும் என்கிற நேரத்தில் பரீட்சை என்ன வேண்டிக் கிடக்கிறது?

"போடாம ஒரு பாதி கெடந்தாத்தான் ராக்கு, இது வேலை செஞ்சுச்சா, மழை செஞ்சுச்சான்னு தெரியும். நம்மளையே நாம ஏமாத்திக்கக் கூடாது."

பயிர் எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் சாப்பாட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தீர்கள். வாய்வு என்றீர்கள், சூடு என்றீர்கள். கண் மஞ்சளானபிறகு மறைக்க முடியவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்பதைத் தாழ்வாரத்தில் வைத்து என்னிடம் சொன்னார்கள். உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்த்தீர்கள், வேறெதுவும் கேட்காமல், "காட்டுல வித்தியாசம் தெரியுதா?" என்றீர்கள். தெரிகிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உங்கள் முகம் மலர்ந்திருக்கும். ஆனால் இரண்டு பாதியும் ஒன்றுபோலத்தான் நின்றன. "இன்னும் இல்லை மதினி" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டீர்கள். "இப்படியே சொல்லு. பொய் சொல்லாத."

உங்கள் அக்காவை உங்களுக்குத் துணையாக விட்டுவிட்டு நான் ஊருக்கும் மதுரைக்குமாக அலைந்தேன். கார்த்திகையில் மழை நின்றுபோனது. வெயில் வைகாசி மாதிரி அடித்தது. ஒரு மத்தியானம் காட்டுக்குப் போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டேன். தூவாத பாதியில் இலைகள் ஓலைச் சுருளாகச் சுருண்டு நின்றன. நடுவரப்புக்கு இந்தப் பக்கம் விரித்த இலை விரித்தபடி இருந்தது. யாரோ கோடு போட்டுப் பிரித்தது போல. "மதினி" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். பிறகுதான் நீங்கள் மதுரையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

பக்கத்துக்கு ஒரு பயிராக வேரோடு தோண்டி, சாக்கில் சுற்றி பஸ் ஏறினேன். வார்டுக்குள் நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, மண்ணும் செடியுமா உள்ள கொண்டு வர்றீங்க?"

"எங்க சொந்தக்காரங்கதான் சிஸ்டர்" என்றீர்கள் கட்டிலில் இருந்தபடி. "பாத்துட்டு உடனே அனுப்பிடுறேன்."

அந்தம்மா சிரித்துவிட்டு, பழைய பேப்பர் கொடுத்து விரிக்கச் சொன்னார். எது எந்தப் பாதி என்று நான் சொல்லப்போனேன். "சொல்லாத, சொல்லாத" என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினீர்கள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. ஒரு வேரைத் தடவினீர்கள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மற்றதைத் தடவினீர்கள். தாடி மாதிரி அடர்ந்த சல்லிவேர், ஒவ்வொன்றிலும் மண் ஒட்டிக்கொண்டு விடவில்லை. அதை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தீர்கள்.

"இதுதான்."

ஆமாம் என்றேன். நீங்களோ கண்ணைத் திறந்ததும், "ஒரு செடிய வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது ராக்கு. சோளக் கருதை உரிச்சு மணியப் பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றீர்கள். அவ்வளவு வலியிலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

கருது முற்றுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அண்ணன் வந்து சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து, தை பிறந்து, அறுப்புக்கு வீட்டில் நாங்கள் இருவரும்தான். இரண்டு பாதியின் கருதுகளையும் தனித்தனியாகக் குவித்தோம். நான் ஒவ்வொன்றாக உரித்துக் கொடுக்க அண்ணன் வாங்கி வாங்கி வைத்தார். தூவாத பாதிக் கருதுகளில் பெரும்பாலும் நுனி பொக்கையாக இருந்தது. தூவியதில் நுனிவரை மணி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. எல்லாமே அப்படி இல்லை மதினி, அதையும் சொல்லிவிடுகிறேன். தூவிய பாதியின் மேட்டு மூலையில் சூம்பிய கருதும் இருந்தது. ஆனால் தூக்கிப் பார்த்தபோது கை சொன்னது, எந்தக் குவியல் எதென்று.

அண்ணன் ஒரு கருதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "அவ போன்ல இதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்கு டூட்டி, நின்னு கேக்கலை" என்றார். பிறகு, "இந்தக் காடு உன் பொறுப்பு ராக்கு. யாரும் கேக்க மாட்டாக" என்றார். விடுப்பு முடிந்து சவுதிக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை போன் செய்கிறார். சாப்பிட்டியா என்று அவர் கேட்பார், சாப்பிட்டீகளா என்று நான் கேட்பேன்.

காடு நிலைத்துவிட்டது. எனக்கும் வீடு நிலைத்துவிட்டது. அதற்குள்ளே நீங்கள் இல்லாததும் நிலைத்துவிட்டது. இரவுச் சோற்றுக்கு இன்னும் அரிசி கூடத்தான் விழுகிறது. விளையும் கருதைப் பார்க்கும்போது முதலில் வருவது சந்தோஷம் இல்லை, யாரிடம் காட்டுவது என்பதுதான்.

இப்போது பெண்கள் கேட்டு வருகிறார்கள். கஞ்சி என்று கேலி செய்த சித்தப்பா வீட்டு மருமகள்தான் முதலில் வந்தாள். எல்லோருக்கும் சொல்கிறேன். சாயம் பூசிய விதையில் ஒட்டாதே, வெயிலில் வைக்காதே, பாதியைச் சும்மா விட்டுப் பார். சொல்லும்போதெல்லாம், "எங்க மதினி சொல்றாக" என்றுதான் வருகிறது. சொன்னாக என்று ஒரு தடவைகூட என் நாக்கு திரும்பவில்லை. உள்ளூர்ப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் நேமத்தான்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். புதியவள், நம்மைப் பற்றி எதுவும் தெரியாதவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிளம்பும்போது, "உங்க மதினியவும் ஒரு நாள் எங்க காட்டுக்குக் கூட்டிட்டு வாங்கக்கா. அவுக ஒரு தடவை பாத்துட்டாகன்னா எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள்.

"சரி, கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

ராக்கு